நூற்றுக்கு எழுபது

சென்ற மாதம் கார்த்திக் போனில் கூப்பிட்டான். எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவன். இப்போது நான் இருந்த நாற்காலியில் இருக்கிறான். தாம்பரத்தைத் தாண்டி, வண்டிகளுக்கு வயர் கட்டு செய்து ஏற்றுமதி பண்ணும் ஒரு தொழிற்சாலையில் ‘டைம் ஸ்டடி’ பிரிவின் நாற்காலி அது. ஒரு வேலையைச் செய்து முடிக்க ஒரு தொழிலாளிக்கு எத்தனை விநாடி ஆகலாம் என்று தீர்மானிக்கிற ஆள் அதில் உட்காருவான். கடிகாரத்தோடு வந்து பக்கத்தில் நிற்கிறவனை எந்தத் தொழிலாளிக்கும் பிடிக்காது. யாருக்கும் பிடிக்காத அந்த வேலையை முப்பத்தொரு வருஷம் செய்து ஓய்வு பெற்றேன்.

“சார், இனிமே ஸ்டாப் வாட்ச்சே கிடையாது. ஒவ்வொரு சீட்டுக்கு மேலயும் கேமரா வெச்சாச்சு. அதுவே கையைப் பாத்து டைம் போட்டுடுது” என்றான் கார்த்திக். “ரிசப்ஷன்ல ஒரு கண்ணாடிப் பெட்டி வெக்கிறோம், பழைய ஐட்டத்துக்கெல்லாம். உங்க வாட்ச் வேணும் சார். கூடவே உங்க அனுபவத்தைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா, புதுசா வர்றவங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்.”

“ஸ்டாண்டர்ட் டைமெல்லாம் புதுசா எடுத்தீங்களா?”

“எதுக்கு சார்? உங்க காலத்து ஸ்டாண்டர்டையேதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கோம். மெயின் லைன் இன்னும் நாப்பத்தெட்டு விநாடிதான். உங்க ஸ்டடி சார், அசைக்க முடியாது.”

அவன் பாராட்டாகத்தான் சொன்னான். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. இரண்டு பக்கம் கேட்டான். அதற்கு மேலேயே எழுதுகிறேன். அச்சடிப்பதும் அடிக்காததும் அவன் பாடு.

பாலிடெக்னிக் டிப்ளமா, இரண்டு வருஷம் அப்ரண்டிஸ், கல்யாணம், மாடம்பாக்கத்தில் கோயிலுக்குப் பின்தெருவில் வாடகை வீடு, அப்புறம் அதே தெருவில் கடன் வாங்கிக் கட்டிய சொந்த வீடு. என் இளமையில் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. சொல்ல வேண்டியது தொழிலைப் பற்றி.

ஒரு பலகை. அதன் வலது மூலையில் ஸ்டாப் வாட்ச் மாட்டியிருக்கும், நடுவில் ஷீட். தொழிலாளிக்குப் பின்னால் நிற்கக் கூடாது, அது ஒளிந்து பார்ப்பது. நேர் எதிரே நிற்கக் கூடாது, அது மிரட்டுவது. பக்கவாட்டில், நான்கடி தள்ளி, அவர் கண்ணில் படுகிற மாதிரி நிற்க வேண்டும். அவர் கை முதல் வயரைத் தொடும்போது கட்டை விரலால் வாட்ச்சை அழுத்த வேண்டும். கடைசி வயர் முடிந்ததும் மறுபடி அழுத்த வேண்டும். இப்படிப் பத்துத் தடவை எடுத்து, கூட்டி, சராசரி போட வேண்டும். இதுவரை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் செய்துவிடும்.

அதற்குப் பக்கத்துக் கட்டம்தான் ரேட்டிங். செய்கிறவர் சாதாரண வேகத்தில் செய்தால் நூறு. வேகமான கை என்றால் நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து. மந்தமான கை என்றால் எண்பது, எழுபது. இதை அளக்கக் கருவி கிடையாது, பார்க்கிறவனின் கண்தான் கருவி. வேகமான ஒருவரை அளந்துவிட்டு அந்த நேரத்தையே எல்லோர் தலையிலும் கட்டினால் மற்றவர்கள் முதுகு ஒடிந்துபோகும். அது நடக்கக் கூடாது என்பதற்காக, நியாயத்துக்காக வைத்த கட்டம் அது. வாட்ச்சுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய் சொல்ல ஆசைப்பட்டால் அந்தக் கட்டத்தில்தான் சொல்ல முடியும். அதனால்தான் ஒரு விதியை முதல் நாளே மண்டையில் ஏற்றினார்கள்: கையை முழுக்கப் பார்த்த பிறகுதான் ரேட்டிங் எழுத வேண்டும், பார்க்காமல் எழுதுகிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

எனக்கு மேலே இருந்தவர் வரதராஜன், உற்பத்தி மேலாளர். அவரைப் போல மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. இதைப் புகாராகவே சொல்கிறேன். பெருக்க வருகிற அம்மாவைக்கூட ‘வாங்க, போங்க’ என்பார். யார் அறைக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி “சாப்பிட்டாச்சா?” தன் வீட்டு ஃபிளாஸ்க்கிலிருந்து பாதிக் காபியை ஊற்றிக் கொடுப்பார். குரலை உயர்த்தி ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் வாயிலிருந்து உத்தரவு என்று ஒன்று வந்ததே கிடையாது. “நான் சொல்லலை, நீங்களே பாருங்க” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

பின்னால் தனக்கு ஞாபகம் இருக்கக் கூடாத விஷயத்தைப் பேசும்போது மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் மடக்கி வைப்பார். பேசி முடித்து மறுபடி மாட்டிக்கொண்டால், அந்தப் பேச்சு நடக்கவே இல்லை என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. கம்பெனியில் இது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சமயம் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுத்திருக்கிறீர்களா என்று கடிதம் போட்டுக் கேட்டார். அடுத்த மாதமே காது கேளாத, வாய் பேசாத எட்டுப் பேரை எடுத்தார்கள். ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள். சேர்மன் அவர்களோடு நின்று எடுத்த படம் பேப்பரில் வந்தது. வரவேற்புக் கூட்டத்தில் சேர்மன் முக்கால் மணி நேரம் பேசினார். சைகையில் எடுத்துச் சொல்ல ஓர் ஆளை வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எட்டுப் பேரும் பக்கத்தில் இருந்தவர்களின் கையைப் பார்த்து, அவர்கள் தட்டும்போது தாங்களும் தட்டினார்கள். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் பரிசு கொடுத்தார்கள். அவர்கள் எட்டுப் பேருக்கும் கொடுத்தார்கள். பரிசு என்னவென்றால், ஒரு எஃப்.எம். ரேடியோ.

எங்கள் கம்பெனியில் புதிதாக வருகிறவர் கழுத்தில் பச்சை நாடாவில் கார்டு தொங்கும். அவர் பயிற்சியாளர். ஒரு வருஷம் முடித்து, திறன் தேர்வில் தேறினால் நீல நாடா. அப்போது அவர் ஆபரேட்டர். சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, லீவு, போனஸ், பி.எஃப். எல்லாம் உண்டு. இந்த எட்டுப் பேருக்கு மட்டும் பதினோராவது மாதம் ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, திரும்பி வந்ததும் புதுக் கார்டு கொடுப்பார்கள். புது நாடாவும் கொடுப்பார்கள். அதுவும் பச்சை.

அந்த எட்டில் ஒருத்தி எஸ்தர். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்திலிருந்து வருவாள். சேரும்போது இருபத்திரண்டு வயது. அப்பா அம்மா கிடையாது. பள்ளிக்கூட டீச்சரான அக்கா வளர்த்த பெண். எங்களைப் போன்றவர்களை அவர்கள் பெயர் சொல்லி அழைக்க முடியாது என்பதால் ஆளுக்கொரு சைகை வைத்திருந்தார்கள். எனக்குக் கட்டை விரலை மடக்கி அழுத்துவது. வாட்ச்காரர். அதை எனக்கு முதலில் செய்துகாட்டியவள் எஸ்தர்தான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வேறு யாரும் எனக்கு அப்படிச் செல்லப் பெயர் வைத்ததில்லை.

வயர் கட்டும் வேலையில் முக்கியமானது, ஒவ்வொரு வயரின் நுனியையும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் செருகுவது. ஒரு தள்ளு, ஒரு ‘க்ளிக்’, ஒரு இழுப்பு. தள்ளும்போது உள்ளே பூட்டிக்கொண்டால் ‘க்ளிக்’ என்று சின்னதாகச் சத்தம் வரும். பூட்டியதா என்று ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் சத்தத்தை நம்பி இழுப்பில் ஏமாற்றுவார்கள். எஸ்தரிடம் ஏமாற்ற எதுவும் இல்லை. கட்டை விரலின் சதையில் அந்தப் பூட்டு அதிர்வதை அவள் வாங்கிக்கொள்வாள். இழுப்பை ஒரு தடவைகூட விட்டதில்லை. அவள் கட்டிய கட்டு தரப் பரிசோதனையிலிருந்து திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

அவள் வந்த இரண்டாம் வருஷம் மெயின் லைனில் ஒரு கட்டுக்கு இத்தனை விநாடி என்று ஸ்டாண்டர்ட் போட வேண்டி வந்தது. ஐந்தாறு பேரை அளந்தேன். எஸ்தரையும் அளந்தேன். சராசரி நாற்பத்தெட்டு விநாடி. மற்றவர்கள் ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபத்திரண்டு. அவள் கை நூற்றிருபத்தைந்து ரேட்டிங்குக்கு உரிய கை. அந்தக் கணக்கில் லைனுக்கு அறுபது விநாடி என்று வரும். பென்சிலில் அப்படித்தான் போட்டு எடுத்துப் போனேன்.

வரதராஜன் காபி ஊற்றிக் கொடுத்தார். ஷீட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“காது கேக்காத பொண்ணே நாப்பத்தெட்டுல முடிக்குது. அப்ப மத்தவங்களால முடியாதா? இதுல நூத்திருபத்தஞ்சு எதுக்கு? நூறுன்னு போட்டா என்ன தப்பு? நான் சொல்லலை, நீங்களே பாருங்க.”

நூறு என்று போட்டேன். லைன் முழுவதற்கும் நாற்பத்தெட்டு விநாடி ஆயிற்று. கம்பெனியிலேயே வேகமான கையைச் சாதாரணக் கை என்று எழுதிவிட்டேன். அந்தச் சாதாரணத்தை எட்டிப் பிடிக்க முந்நூறு பேர் ஓட ஆரம்பித்தார்கள்.

எஸ்தருக்குப் பக்கத்து சீட் மல்லிகா, பீர்க்கன்கரணைக்காரி, நீல நாடா. அவள் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னை மடக்கினாள்.

“இன்னா சார், அந்தப் பொண்ணு கையி மெஷினு மாதிரி ஓடுது. அத்த வச்சி எங்களுக்குப் போட்டுக்கீறியே, ஞாயமா கீதா இது? ஒண்ணுக்குப் போயிட்டு வந்தாக்கூட டார்கெட் பூடுது.”

“மேல சொன்னாங்கம்மா.”

“மேலன்னா இன்னா, ஆகாசத்துலயா சொன்னாங்கோ? சரி, அவ வேகம்தான் எல்லாருக்கும் கணக்குன்னா, அவளுக்கு இன்னாத்துக்கு இன்னும் பச்சக் கயிறு? எங்கள விட நல்லா செய்றா, எங்கள்ல பாதி வாங்கினு போறா. இத்தக் கேக்க ஒரு நாதி இல்ல.”

எட்டாவது வரை படித்த மல்லிகாவுக்கு ஒரே மூச்சில் தெரிந்தது, டிப்ளமா படித்த எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்தது. சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

வருஷங்கள் ஓடின. பச்சை நாடா ஏழு, எட்டு, ஒன்பது ஆயிற்று. இதற்கிடையில் சட்டம் மாறியது. ஊனத்தைக் காரணம் காட்டி வேலையிலும் சம்பளத்திலும் பேதம் பார்க்கக் கூடாது என்று வந்தது. எஸ்தர் அச்சடித்த மாதிரியான கையெழுத்தில் ஒரு மனு எழுதி, எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு, மேனேஜ்மெண்டுக்கு ஒன்றும் தொழிலாளர் துறைக்கு ஒன்றுமாக அனுப்பினாள். ‘நாங்கள் செய்வதும் அவர்கள் செய்வதும் ஒரே வேலை. எங்களையும் ஆபரேட்டர் ஆக்க வேண்டும்.’ மனு மொத்தமே நாலு வரி.

கம்பெனி முதலில் திறன் தேர்வுத் தாளை எடுத்து நீட்டியது. அதில் ஒரு வரி: ‘க்ளிக் சத்தத்தைக் கேட்டு உறுதி செய்கிறாரா?’ காது கேளாதவர் இதற்கு எப்படி ‘ஆம்’ வாங்க முடியும்? ஆகவே தேர்ச்சி இல்லை. அந்த வரியை எழுதியவன் யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். அவர்கள் வருவதற்குப் பல வருஷம் முன்னால், யோசிக்காமல், எங்கோ பார்த்து எழுதியது. நான் விளையாட்டாகப் போட்ட பூட்டில் எட்டுப் பேர் மாட்டிக்கொண்டார்கள்.

அந்தப் பூட்டை எஸ்தர் ஒரே நிமிஷத்தில் உடைத்தாள். விசாரிக்க வந்த அதிகாரியைச் சைகையால் கூப்பிட்டு, ஹாலின் கடைசிக்கு அழைத்துப் போனாள். அங்கே வயர் நுனியை நசுக்கும் பிரஸ் மெஷின்கள் இருக்கின்றன. காது கிழிகிற இரைச்சல். அங்கே உட்கார்ந்து வயர் செருகும் பன்னிரண்டு பேரும் பாதுகாப்பு விதிப்படி காதில் பஞ்சு அடைப்பான் வைத்திருந்தார்கள். பன்னிரண்டும் நீல நாடா. எஸ்தர் ஒருத்தியின் காதைக் காட்டினாள், பிறகு தன் காதைக் காட்டினாள், பிறகு அவள் கழுத்து நாடாவையும் தன் நாடாவையும் காட்டினாள். அவ்வளவுதான். அதிகாரி சிரித்துவிட்டார். மல்லிகா தன் இடத்திலிருந்து கை தட்டினாள்.

அதிகாரி போகும்போது வரதராஜனிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது: “வேலை ஒண்ணுன்னா சம்பளம் ஒண்ணு சார். ஒண்ணு இல்லைன்னு நீங்க சொன்னா, பேப்பர்ல காட்டுங்க. பத்து நாள் டைம்.”

மறுநாள் காலை வரதராஜன் கூப்பிட்டார்.

“சாப்பிட்டாச்சா தாமோதரன்?” காபி வந்தது. கண்ணாடி மேஜைக்குப் போனது.

“ஆபீசர் நியாயமான மனுஷன். ஒரே வேலை இல்லைன்னா காட்டுங்கங்கறார். அதுதானே?”

“ஒரே வேலைதானே சார்.”

“இருக்கலாம். நான் சொல்லலை. புது மாடல் வந்திருக்கே, அதுல அந்தப் பொண்ணை வெச்சு ஒரு ஸ்டடி எடுத்துப் பாருங்களேன். பழைய மாடல்ல எடுத்தா ஒன்பது வருஷப் பழக்கம் கலந்துடும். ரேட்டிங் உங்க ஜட்ஜ்மெண்ட். அதுல நான் தலையிட மாட்டேன். எட்டுப் பேர்ல வேகமான கை அதுதானே. அதுவே நூறுக்கு நல்லாக் கீழ வந்தா எட்டுப் பேர் விஷயமும் அத்தோட முடிஞ்சிடும். வரலைன்னா ஒன்பது வருஷத்தையும் தோண்டணும். உங்களுக்கும் ரிட்டயர்மெண்ட் ரெண்டு வருஷம்தான் இருக்கு. எதுக்கு அலைச்சல்?”

என்னை யாரும் மிரட்டவில்லை. இதைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன், பின்னால் யாரும் எனக்காகச் சாக்குச் சொல்ல வேண்டாம். வேலை போகும் என்று சொல்லவில்லை, லஞ்சம் தரவில்லை. ‘முடியாது சார்’ என்று நான் சொல்லியிருந்தால் அப்போதும் காபி கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார். எனக்கு அந்தச் சொல் வரவில்லை. அவருடைய மரியாதை என்னை அப்படிப் பழக்கி வைத்திருந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். நான் கோழை, அவ்வளவுதான்.

புது மாடல் நீளமானது, வயர்கள் அதிகம். அதுவரை யாரும் அளந்ததில்லை, ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க எந்த நேரமும் கிடையாது. அளவு இல்லாத இடத்தில் ரேட்டிங்தான் அளவு. ஆபரேட்டருக்குப் புது மாடல் கொடுத்தால் மூன்று நாள் பழகவிட்டுத்தான் வாட்ச்சை எடுப்போம். எஸ்தருக்கு அரை மணி நேரம்கூடக் கொடுக்கவில்லை.

ஆனாலும் அவள் சந்தோஷமாக வந்து உட்கார்ந்தாள். அளந்தால் ஜெயித்துவிடலாம் என்று நம்பினாள். வாட்ச்காரர் மேல் நம்பிக்கை. என்னைப் பார்த்துக் கட்டை விரலை அழுத்திக் காட்டி, ‘ஆரம்பிக்கலாமா’ என்று கண்ணால் கேட்டாள். நான் பக்கவாட்டில், நான்கடி தள்ளி நின்றிருந்தேன், விதிப்படி. தலையை ஆட்டினேன். அப்புறம் குனிந்து ரேட்டிங் கட்டத்தில் எழுபது என்று எழுதினேன். பார்த்துவிட்டு எழுதினால் எழுத வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது. எழுதிய பிறகுதான் வாட்ச்சை அழுத்தினேன்.

முதல் மூன்று தடவை அவள் கை தேடியது. நான்காவதில் வழி பிடித்துக்கொண்டது. ஏழாவதில் வேகம் வந்தது. பத்தாவது தடவை, அந்த வேகத்தை நான் எந்த ஆபரேட்டரிடமும் கண்டதில்லை. எழுபது என்ற எண் ஏற்கெனவே கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. ஹாலில் அத்தனை பேர் இருந்தும் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தாலும், ஒரு மனிதன் பேனாவை அசைத்தால் அதில் என்ன தெரிந்துவிடும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த ஷீட் தொழிலாளர் துறைக்குப் போயிற்று. ‘பணித்திறன் நூற்றுக்கு எழுபது, ஆகவே ஆபரேட்டர் பணிக்குச் சமமானது அல்ல, பயிற்சி நீட்டிக்கப்படுகிறது.’ கீழே என் கையெழுத்து. அதிகாரிக்குக் காகிதம் வேண்டும், காகிதம் கிடைத்துவிட்டது. எட்டுப் பேருடைய மனுவும் முடிந்துபோனது.

இரண்டு நாள் கழித்து எஸ்தர் என் மேஜைக்கு வந்து ஒரு துண்டுச் சீட்டை வைத்தாள். ‘மெயின் லைனுக்காக என்னை வைத்து எடுத்த முதல் ஸ்டடியின் நகல் வேண்டும்.’ லைன் முழுவதும் யார் வேகத்தில் ஓடுகிறது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அது. அந்த ஷீட் என் முழங்காலுக்கு நேரே, இரண்டாவது டிராயரில் இருந்தது. சீட்டைத் திருப்பி அதன் பின்பக்கம் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். அவள் படித்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டாள். ஒரு வருஷத்துக்குள் மற்ற ஏழு பேரும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். சேர்மனோடு எடுத்த படம் மட்டும் ரிசப்ஷன் சுவரில் இருந்தது.

எனக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். வரதராஜன் கண்ணாடி மாட்டிக்கொண்டு பேசினார். “தாமோதரன் கையெழுத்துப் போட்டா அதுக்கு அப்பீலே கிடையாது” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். டிராயரைக் காலி செய்தபோது அந்த முதல் ஷீட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. ஆறு வருஷம் பீரோவில் கிடந்தது.

கார்த்திக் பேசிய மறுநாள் மல்லிகாவுக்குப் போன் செய்து எஸ்தரின் முகவரி கேட்டேன். மல்லிகா முகவரியைச் சொல்லிவிட்டு, “இப்பத்தான் உனுக்கு வழி தெரிஞ்சுதா சார்?” என்று கேட்டாள்.

செம்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்ன வீடு. கதவைத் திறந்தவர் எஸ்தரின் அக்கா ஜெயராணி டீச்சர். எஸ்தர் உள்ளே தையல் மெஷினில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திரையைக் கட்டியிருந்தது ஒரு பச்சை நாடா. கேட்டைக் கட்டியிருந்ததும் பச்சை நாடா. வாசலில் சாய்ந்து நின்ற கறிவேப்பிலைச் செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்ததும் அதுதான்.

என் பெயரைச் சொன்னேன். டீச்சருக்குத் தெரியவில்லை. தங்கையைப் பார்த்து யார் இவர் என்று கையால் கேட்டார். எஸ்தர் மெஷினை நிறுத்தினாள். என்னை நிதானமாகப் பார்த்தாள். இடது உள்ளங்கையை விரித்து அதன்மேல் வலது கை விரலால் எதையோ எழுதினாள். அதற்குப் பிறகு கட்டை விரலை அழுத்திக் காட்டினாள். டீச்சர் முகம் மாறிவிட்டது.

“என்னைக் கட்டை விரலால மட்டும்தானே சொல்வாங்க? எழுதற மாதிரி என்னமோ காட்டறாங்களே?” என்று கேட்டேன்.

“விடுங்க சார். அது அவங்க எட்டுப் பேருக்குள்ள வெச்ச பேரு.”

“பரவால்ல, சொல்லுங்க டீச்சர்.”

“முன்னாடி வெறும் கட்டை விரல்தான். அப்புறம் மாத்திட்டாங்க. ‘எழுதிட்டு அழுத்தறவர்’னு.”

எஸ்தரின் கைகள் பேச ஆரம்பித்தன. டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்லிக்கொண்டு வந்தார். “புது மாடல் அன்னிக்கு இவ வயரையே தொடலையாம். அதுக்குள்ள நீங்க எழுதிட்டீங்களாம். ஒரு ஏழு, ஒரு சைபர். பேனா போற போக்கைப் பாத்தாலே இவங்களுக்குத் தெரிஞ்சிடும் சார். கையைப் பாத்துத்தானே இவங்க வாழ்க்கையே ஓடுது. உங்க மேனேஜருக்குக்கூட ஒரு பேரு வெச்சிருந்தாங்களே.” டீச்சர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடக்கிக் காட்டினார்.

என் ரகசியம் என்று நான் நினைத்திருந்தது எட்டுப் பேருக்கும் தெரிந்திருந்தது. காது கேளாதவர்கள்தானே என்று நாங்கள் அவர்களுக்கு முன்னால் எதையும் மறைக்கவில்லை.

“தெரிஞ்சுமா கடைசி வரைக்கும் அவ்வளவு வேகமாச் செஞ்சாங்க?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

எஸ்தர் பதிலைச் சுருக்கமாகச் சொன்னாள். டீச்சர் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வாட்ச்சையாவது பாப்பீங்கன்னு நெனச்சாளாம்.”

பையிலிருந்து முதல் ஷீட்டை எடுத்து நீட்டினேன். எஸ்தர் வாங்கிப் படித்தாள். நாற்பத்தெட்டு என்ற இடத்தில் விரலை வைத்தாள். நூறு என்ற இடத்தில் வைத்தாள். பிறகு மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.

“அன்னிக்கே குடுத்திருந்தா கேஸ் போட்டிருக்கலாம்” என்றார் டீச்சர். “இப்ப இதை வெச்சிக்கிட்டு என்ன பண்றது? அவளுக்கு நாப்பதாகப் போகுது. துணிக்குக் காது வேணும்னு இங்க யாரும் கேக்கல, அந்த மட்டும் நிம்மதி. காபி சாப்பிடறீங்களா சார்?”

வேண்டாம் என்றேன். காபி குடித்துவிட்டுத்தான் அந்த எழுபதை எழுதினேன்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அவர்கள் கைப்பேச்சில் அதற்கு என்ன சைகை என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்து, அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரே சைகை என் பெயர். அதுவும் பழைய பெயர். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். பின்னால் தையல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்ததும் கார்த்திக்கைக் கூப்பிட்டேன்.

“வாட்ச் தர்றேன்பா. ஆனா பக்கத்துல ஒரு சீட்டு வெக்கணும். இந்த லைனோட நாப்பத்தெட்டு விநாடி எஸ்தர்ங்கறவங்க கையிலேர்ந்து எடுத்ததுன்னு.”

“பேரு போட்டா லீகல்ல ஒத்துக்க மாட்டாங்க சார். ‘எங்கள் மாற்றுத்திறனாளி ஊழியர் ஒருவர்’னு போட்டுக்கலாமா? பாக்கறதுக்கும் நல்லாருக்கும்.”

“ஊழியர்னு போடாதே. ஒன்பது வருஷமும் நாம அவங்களை ஊழியரா வெச்சுக்கல. பயிற்சியாளர்னு போடு. நம்ம லைன் மொத்தமும் இன்னிக்கும் ஒரு பயிற்சியாளரோட வேகத்தைப் பிடிக்கத்தான் ஓடுதுன்னு போடு.”

“கேட்டுட்டுச் சொல்றேன் சார்” என்றான்.

மூன்று வாரம் ஆகிறது, இன்னும் சொல்லவில்லை. இதை எழுத உட்காரும் முன் வாட்ச்சை எடுத்துச் சாவி கொடுத்து அழுத்திப் பார்த்தேன். ஓடியது. சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு விநாடிகூடப் பிசகவில்லை. வாட்ச்சில் ஒரு கோளாறும் இல்லை.